என்.பி.எம். படிப்பில் சேரலாமா? பி.எச்.சி. ஸ்டாஃப் நர்ஸ் ஒருவருக்கு நீளமான பதில்

கேள்வி இதுதான்: ஜி.என்.எம். (மூன்று வருட நர்சிங் டிப்ளமோ) முடித்து, சில வருடங்களாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறார். என்.பி.எம். (நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி) என்ற 18 மாத மருத்துவச்சிப் படிப்புக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். "ஏற்கெனவே என் பதிவுச் சான்றிதழில் மிட்வைஃப் என்று இருக்கிறதே, இன்னொரு படிப்பு எதற்கு? படித்தால் பதவி, சம்பளம் ஏதாவது மாறுமா? இதனால் சிசேரியன் குறையும் என்கிறார்களே, உண்மையா? போகாவிட்டால் நான் வேறு எப்படி என்னை வளர்த்துக்கொள்வது?"

சிஸ்டர், அவசரத்தில் படிப்பவராக இருந்தால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: படிப்பு நல்ல படிப்பு. ஆனால் முடித்துத் திரும்பும்போது எந்த லேபர் ரூமில், எதை முடிவெடுக்கும் அதிகாரத்தோடு நிற்கப் போகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மிச்சம் எல்லாம் இதற்கான விளக்கம்தான்.

முதலில் அந்தச் சான்றிதழ் விஷயம். ஜி.என்.எம். படித்தாலும் பி.எஸ்சி. நர்சிங் படித்தாலும் கவுன்சிலில் பதியும்போது ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), ஆர்.எம். (பதிவு பெற்ற மிட்வைஃப்) இரண்டும் சேர்ந்தே வரும். பழைய ஏற்பாடு இது. சென்னையில் மருத்துவச்சிப் பயிற்சி 1854லேயே தொடங்கியது, நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926ல் வந்தது. ஆக, காகிதத்தில் நாமெல்லோரும் தலைமுறை தலைமுறையாக மருத்துவச்சிகள். நடைமுறையில் என்ன நடக்கிறது? மூன்று வருடப் படிப்பில் மகப்பேறு ஒரு பாடம், கொஞ்ச நாள் லேபர் வார்டு போஸ்டிங், லாக் புக்கில் நிரப்ப வேண்டிய ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலைச் சுற்றி பி.ஜி., ஹவுஸ் சர்ஜன், எம்.பி.பி.எஸ். மாணவர், நர்சிங் மாணவி என்று வரிசையாக நிற்கும்போது குழந்தையைக் கையில் வாங்கும் வாய்ப்பு அந்தக் கடைசி ஆளுக்கு எத்தனை முறை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐரோப்பிய நாடுகளில் ஒரு மருத்துவச்சி மாணவி பட்டம் வாங்குவதற்குள் 40 பிரசவங்களைத் தானே பார்த்திருக்க வேண்டும் என்பது பொது விதி. நாம் பெரும்பாலும் வேலைக்கு வந்த பிறகுதான் கற்றோம், அதுவும் நைட் டியூட்டியில் கூட இருந்த மூத்த சிஸ்டரைப் பார்த்து, அவர் கையிலிருந்த நல்ல பழக்கத்தையும் கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே.

ஏ.என்.எம். (துணை நர்ஸ்-மருத்துவச்சி) படிப்பின் கதை இதைவிட வருத்தமானது. ஒரு காலத்தில் அது இரண்டு வருடப் படிப்பு, பிரசவம் பார்ப்பதுதான் அதன் உயிர். 1973ல் கர்த்தார் சிங் குழு பல்நோக்குப் பணியாளர் முறையைப் பரிந்துரைத்த பிறகு படிப்பு 18 மாதமாகச் சுருங்கியது. தடுப்பூசி, குடும்பநலம், கணக்கெடுப்பு எல்லாம் தலையில் ஏற, பிரசவம் ஓரத்துக்குப் போனது. இன்றைக்கு நம் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காக்களில் பலருக்குக் கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் நேரத்தைவிட பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு இணையதளத்தில் பதிவு போடும் நேரம்தான் அதிகம். இலங்கையில் இப்படி ஆகவில்லை, அங்கே மருத்துவமாது என்பது தனிப் பணியாகவே நீடித்தது. 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையோடு சேர்ந்து வீடு வரை போகும் சேவையாக வளர்ந்தது. நாம் கரைத்துவிட்டதை இப்போது மறுபடி கட்டப் பார்க்கிறோம். என்.பி.எம். என்பது அந்த முயற்சிதான்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2018 டிசம்பரில் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பிரசவ அனுபவம் உள்ள, பதிவு பெற்ற நர்சுகளை எடுத்து, ஒரு வருடம் பயிற்சி, ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் என்று 18 மாதம் தயார் செய்வது, சர்வதேச மருத்துவச்சிகள் கூட்டமைப்பு வகுத்த திறன்களை அளவுகோலாக வைப்பது, முடித்தவர்களைப் பிரசவம் அதிகம் நடக்கும் அரசு மருத்துவமனைகளில் ஓ.ஜி. (மகப்பேறு மருத்துவப் பிரிவு) லேபர் வார்டை ஒட்டியே மருத்துவச்சிகள் பொறுப்பில் இயங்கும் பிரிவில் போடுவது, இதுதான் திட்டம். சிக்கல் எதிர்பார்க்காத கர்ப்பிணிகளை அவர்கள் பார்ப்பார்கள். சிக்கல் தலைகாட்டினால் பக்கத்து அறையில் டாக்டர். ஃபோர்செப்ஸ், வாக்குவம், சிசேரியன் இவர்கள் வேலை கிடையாது. தெலங்கானா இதற்கு முன்பே, 2017ல், ஹைதராபாத்தின் பெர்னாண்டஸ் அறக்கட்டளையோடும் யூனிசெஃப்போடும் சேர்ந்து கரீம்நகர் அரசு மருத்துவமனையில் தன் நர்சுகளுக்குப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டது. 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் 1947ன் நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தைப் பிடிக்க வந்தது. பெயரிலேயே மிட்வைஃபரி ஏறிவிட்டது என்று சந்தோஷப்படலாம், ஆனால் பெயர்ப் பலகை மாறினால் டியூட்டி ரோஸ்டர் மாறாது.

சரி, ஒரு என்.பி.எம்.முக்கும் உங்களுக்கும் கையில் என்ன வித்தியாசம்? பாதி வித்தியாசம் நேரம்தான். மூன்று கர்ப்பிணிகள் வலியோடு படுத்திருக்க, நான்காவதாக 108ல் ஒருவர் இறங்க, இடையில் தடுப்பூசி ரிப்போர்ட் கேட்டு போன் வர, நீங்கள் ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள். மருத்துவச்சி முறை என்பது ஒரே ஆள் அந்தப் பெண்ணைக் கர்ப்ப காலத்திலிருந்தே தெரிந்து, வலி நேரத்தில் கூடவே இருந்து, பிறகு பால் கொடுக்கும் வரை தொடர்வது. காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் 2024 பதிப்பு 17 ஆய்வுகளை, 18,500க்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. இந்த முறையில் தானாக நடக்கும் சுகப்பிரசவம் சுமார் 66 சதவீதத்திலிருந்து 70 ஆக ஏறியது, சிசேரியன் 16லிருந்து 15 ஆனது. சிலர் மேடையில் சொல்வதுபோல் சிசேரியன் பாதியாகிவிடும் என்றெல்லாம் அதில் இல்லை. தவிர, அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை, அங்கே மருத்துவச்சி ஏற்கெனவே பலமான தனித் தொழில். அந்தப் பெண்களின் அனுபவம் நன்றாக இருந்தது, தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் கூடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிசேரியனுக்கு வருவோம், உங்கள் கேள்வியில் அதிகம் குழப்பமிருப்பது இங்கேதான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21, தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்று சொன்னது. அதற்கு முந்தைய சுற்றில் 34.1. இந்தியா முழுவதும் 21.5. தனியார் மட்டும்தான் காரணம் என்று கைகாட்டித் தப்பிக்க முடியாது: தனியாரில் 63.8 என்றால் நம் அரசு மருத்துவமனைகளிலும் 36. இன்னொரு சங்கடமான எண், மருத்துவச்சிகளை முதலில் தயார் செய்த தெலங்கானாவில்தான் நாட்டிலேயே அதிகமாக 60.7. இதை வைத்து மருத்துவச்சி முறை தோற்றுவிட்டது என்பது அபத்தம், அப்போது அவர்கள் ஒரு கைப்பிடி பேர், அதுவும் அரசு மருத்துவமனைகளில் மட்டும். அங்கே தனியாரில் 81.5 சதவீதம். அதே நேரம், கொஞ்சம் மருத்துவச்சிகளை உள்ளே விட்டால் எண் தானாக இறங்கும் என்று நம்புவதும் அதே அளவு அபத்தம்.

ஏன் என்றால் நம் ஊரில் இந்த எண்ணை ஏற்றிவிடும் கைகள் பல. முதல் குழந்தை சிசேரியன் என்றால் இரண்டாவதும் கிட்டத்தட்ட முடிவான விஷயம் ஆகிவிடுகிறது, அதனால் பத்து வருடத்துக்கு முன் எடுத்த முடிவுகள் இன்று புள்ளிவிவரத்தில் வட்டியோடு வருகின்றன. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் இருக்கிறது. பிரசவ வலிக்கு ஊசி, எபிடூரல் எதுவும் கிடைக்காத இடத்தில், "இந்த வலியை என் பொண்ணு தாங்க மாட்டா, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று கெஞ்சும் அம்மா இருக்கிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இவற்றோடு யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றும் உண்டு, அது ஆடிட் பயம். தாய்மார் மரணம் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து விசாரிக்கும் பழக்கத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடி, அதனால் உயிர்கள் பிழைத்தன என்பதில் சந்தேகமே இல்லை. 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்கும்போது இங்கே 54. (கேரளத்தில் 19 என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், நாம் கொஞ்சம் அதிகமாகவே முதுகைத் தட்டிக்கொள்கிறோம்.) ஆனால் விசாரணை என்பது "யார் தவறு" என்று தேடும் கூட்டமாகிவிட்டால் பி.எச்.சி.யில் இருப்பவர் என்ன செய்வார்? பி.பி. கொஞ்சம் ஏறினாலும், உயரம் கொஞ்சம் குறைந்தாலும் ரெஃபர். அத்தனையும் சீமாங் மையத்தில் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) குவிய, அங்கே கட்டில் நெரிசல், நெரிசலில் பொறுமைக்கு இடமில்லை, கத்திதான் சீக்கிரம்.

லேபர் ரூமுக்குள்ளேயே நடப்பது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பிரசவப் பெண், கருப்பை வாய் 2 செ.மீ. 3 செ.மீ. திறப்பில் அட்மிட். மணிக்கு ஒரு செ.மீ. என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்த கணக்குப்படி பார்த்தால் நள்ளிரவுக்குள் பிறந்திருக்க வேண்டும், பிறக்கவில்லை, அதனால் வலியை ஏற்றும் பிட்டோசின் டிரிப். டிரிப் ஏறினால் வலி கடுமை, வலி கடுமையானால் குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறும், அப்புறம் என்ன, ஓ.டி.தான். உலக சுகாதார நிறுவனம் 2018லேயே இந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டது. முழு வேகப் பிரசவம் என்பது 5 செ.மீ.க்குப் பிறகுதான், மணிக்கு ஒரு செ.மீ. என்பதை வைத்து மட்டும் தலையிடாதே, தாமதம் உறுதியாகாமல் டிரிப் போடாதே என்கிறது. 2020 டிசம்பரில் பிரசவம் எப்படி நகர்கிறது என்று குறிக்கும் பார்ட்டோகிராஃப் படிவத்துக்குப் பதிலாக லேபர் கேர் கைடு என்ற புதுப் படிவம் வந்தது. அதில் 5 செ.மீ.யில் ஆறு மணி நேரம், 6ல் ஐந்து, 7ல் மூன்று, 8ல் இரண்டரை, 9ல் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால்தான் எச்சரிக்கை. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று, அதன் முதல் கட்டங்களில் கேட்பதெல்லாம் இவைதான்: கூட யாராவது இருக்கிறார்களா, வலிக்கு ஏதாவது செய்தீர்களா, குடிக்கக் கொடுத்தீர்களா, எந்த நிலையில் இருக்கிறாள். இதற்கெல்லாம் பதில் எழுத வேண்டுமென்றால் நீங்கள் அந்தக் கட்டிலருகே இருந்திருக்க வேண்டும். டியூட்டி முடியும்போது உட்கார்ந்து மொத்தமாக நிரப்பும் பார்ட்டோகிராஃப் எத்தனை பார்த்திருக்கிறோம்!

இங்கே ஓர் எச்சரிக்கை. சிசேரியனைக் குறைப்பதே லட்சியம் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு கசப்பான பாடம். ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகளில் இருபது வருடம் நடந்தவற்றை ஆராய்ந்த ஆக்கன்டன் அறிக்கை 2022 மார்ச்சில் வந்தது: சிகிச்சை சரியாக இருந்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மாரும் பிழைத்திருக்கக்கூடும் என்றது. ஆள் பற்றாக்குறை, அம்மாக்கள் சொன்னதைக் காதில் வாங்காதது, தவறிலிருந்து கற்காதது, கூடவே சிசேரியன் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதில் ஒரு பெருமை. அதே வருடம் அங்கே சிசேரியன் சதவீதத்தை வைத்து மருத்துவமனைகளை மதிப்பிடும் வழக்கத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதனால் "நார்மல் பண்ணியே தீருவேன்" என்ற பிடிவாதத்தோடு யாராவது இந்தப் படிப்புக்குப் போனால் எனக்குப் பயமாக இருக்கும். நல்ல மருத்துவச்சியை அவர் எப்போது டாக்டரைக் கூப்பிடுகிறார் என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

அடுத்து, படிப்புக்குப் போகாமலேயே, இப்போது நீங்கள் இருக்கும் லேபர் ரூமிலேயே எப்படி வளர்வது? இந்தப் பகுதியை நான் நீட்டி எழுதுவதற்குக் காரணம், போகிறவர்கள் சிலர், மிச்சம் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில்.

ரத்தப்போக்கிலிருந்து ஆரம்பியுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் நாம் தோற்பது பெரும்பாலும் மருந்து இல்லாததால் கிடையாது, தாமதமாகக் கண்டுபிடிப்பதால். கண்ணளவில் பார்த்து "300 எம்.எல். இருக்கும்" என்று எழுதும்போது நிஜத்தில் அதைவிட நிறையப் போயிருக்கும், பாதி பஞ்சிலும் துணியிலும், பாதி கட்டிலுக்குக் கீழே. 2023ல் இ-மோட்டிவ் என்ற ஆய்வின் முடிவு வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா, இரண்டு லட்சத்துக்கு மேல் பிரசவங்கள். அவர்கள் செய்ததில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை: இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வைத்து ரத்தத்தை அளந்தார்கள், வரம்பைத் தாண்டியதும் கருப்பை மசாஜ், கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட், ஐ.வி. ஃப்ளூயிட், காரணம் தேடிப் பரிசோதனை, இவை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில். கடும் ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவையும் மரணமும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. விரிப்பு இல்லாத மருத்துவமனைகளில் ரத்தப்போக்கு பாதிப் பேரிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது, விரிப்பு இருந்த இடத்தில் 93 சதவீதம். 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி போய், 500 எம்.எல். வரை காத்திருக்காதே, 300 எம்.எல்.லிலேயே நாடியோ பி.பி.யோ மாறினால் இறங்கிவிடு என்று சொல்லிவிட்டது.

உங்கள் நிலையத்தில் அந்த விரிப்பு சப்ளை இல்லையென்றால் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போடுங்கள், வரும்வரை விரிப்புத் துணியை எடைபோட்டுப் பாருங்கள், ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு எம்.எல். டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம், பத்து நிமிடத்தில் மெதுவாக நரம்பில், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள். ஆக்ஸிடோசின் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்; டிரேயில் வெயிலில் கிடந்த ஆம்பியூலைப் போட்டுவிட்டு கருப்பை சுருங்கவில்லை என்று புலம்புவது நம் ஊரில் புதிதல்ல. மாதம் ஒரு முறை, டம்மி கூட வேண்டாம், ஒரு தலையணையை வைத்து, மருத்துவ அதிகாரியையும் ஆயாம்மாவையும் சேர்த்து ஒரு டிரில். யார் கூப்பிடுவது, யார் கை வயிற்றில், யார் ஊசி, யார் 108க்கு போன். கூச்சமாகத்தான் இருக்கும் முதல் இரண்டு தடவை.

அப்புறம் பழக்கங்கள். முதல் பிரசவம் என்றாலே பிறப்பு வழியை அகலப்படுத்த எபி (எபிசியோட்டமி) வெட்டுவது, எனிமா, ஷேவிங், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிக் கட்டுவது, கடைசியில் யாராவது ஏறி வயிற்றை அமுக்குவது. இதில் எதையும் வழக்கமாகச் செய்யாதே என்று எல்லா நெறிமுறையும் சொல்லியாயிற்று. வயிற்றை அமுக்குவது அறவே வேண்டாம். ஒரே நாளில் எல்லாம் மாறாது, இன்சார்ஜ் சிஸ்டர் முறைப்பார், டாக்டர் "யார் உன்னை இதெல்லாம் செய்யச் சொன்னது" என்பார். அதனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இடது பக்கம் ஒருக்களித்தோ உட்கார்ந்தோ முக்க விடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம், அதற்குப் பணமும் வேண்டாம் ஜி.ஓ.வும் வேண்டாம். எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை கிழிசல், எத்தனை எபி என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள். டாக்டர்களிடம் எண்ணோடு பேசினால் காது கொடுப்பார்கள்.

திட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பெத்துக்க மட்டும் தெரியுதா, இப்ப கத்துறியே" என்ற வகையறா வசனங்கள். கேட்காத லேபர் வார்டு உண்டா? துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்று தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்பே அனுமதித்தது, 2017ல் வந்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் மரியாதையான பேறுகாலப் பராமரிப்பை லேபர் ரூம் மதிப்பீட்டிலேயே வைத்திருக்கிறது. ஆனாலும் "உள்ளே கூட்டம்" என்று துணையை வாசலில் நிறுத்தும் இடங்கள் இன்னும் உள்ளன. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்க்கப் போய் ஒரு இளம் பெண் ரத்தப்போக்கில் இறந்தது நினைவிருக்கும். அந்த வீட்டார் செய்தது தவறு, அதில் பேச்சில்லை. ஆனால் படித்த குடும்பங்களுக்குள் ஆஸ்பத்திரி மேல் இவ்வளவு வெறுப்பு ஏன் வளர்ந்தது என்று யோசித்தால் நம் வாயும் கொஞ்சம் காரணம். பதினாறு மணி நேர டியூட்டியும், ஆள் பற்றாக்குறையும், வாங்கும் தொகுப்பூதியமும் அந்த வாயை அப்படி ஆக்கியிருக்கிறது என்பதும் உண்மைதான், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

தொடர்கல்வி மணிக்கணக்கு ஒன்று உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் ஐந்து வருடத்துக்கு 150 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. எப்படி நிரம்புகிறது என்று நமக்குத் தெரியும்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்லூரி ஆடிட்டோரியம், பிரியாணி, சான்றிதழ். இங்கிலாந்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 35 மணி நேரப் பயிற்சி மட்டும் போதாது, 450 மணி நேரம் உண்மையாக வேலை பார்த்திருக்க வேண்டும், தன் வேலையைப் பற்றி ஐந்து சிந்தனைக் குறிப்புகள் எழுத வேண்டும், ஐந்து பேரிடம் கருத்து வாங்க வேண்டும். அந்த ஐந்து குறிப்புகளை யாரும் கேட்காமலே நீங்கள் எழுதலாம். மயிரிழையில் தப்பிய ஒரு கேஸ், வலிப்பை அடக்கும் மேக்சல்ஃப் ஊசியின் முதல் டோஸைக் கொடுத்து அனுப்பிய ஒரு எக்லாம்ப்சியா (கர்ப்பகால வலிப்பு), ரெஃபர் செய்யத் தாமதமான ஒன்று. பேர் போடாமல் என்ன நடந்தது, எந்த நிமிடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று ஒரு பக்கம். எஸ்.பி.ஏ. (திறன்மிகு பிரசவ உதவியாளர்) பயிற்சி 21 நாள் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், தக்ஷதா என்ற பிரசவகாலப் பராமரிப்புத் திறன் வகுப்பும் அப்படியே.

வெளிநாட்டுக் கனவோடு கேட்கிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கிலாந்தில் நர்ஸ் பதிவு வேறு, மருத்துவச்சி பதிவு வேறு. நம் ஜி.என்.எம்., பி.எஸ்சி.யை வைத்துப் போகிறவர்கள் பொதுவாக நர்ஸாகத்தான் பதிகிறார்கள், ஆர்.எம். என்று சான்றிதழில் இருப்பதால் லேபர் வார்டில் மருத்துவச்சியாகப் போட்டுவிட மாட்டார்கள். என்.பி.எம். முடித்தால் அந்தக் கதவு தானாகத் திறக்கும் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக பதவியும் சம்பளமும். மத்திய நெறிமுறை தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்று சொல்கிறது, ஆனால் பணியிடம் உருவாக்குவதும் சம்பளம் நிர்ணயிப்பதும் மாநிலத்தின் கையில். எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரமாக வருடக்கணக்கில் போராடியவர்களைப் பார்த்தவர் நீங்கள். அதனால் வாய்மொழி உறுதிக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சேர்வதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: 18 மாதமும் பணிக்காலமாகக் கணக்காகுமா, சீனியாரிட்டி பாதிக்குமா, நீங்கள் தொகுப்பூதியத்தில் இருப்பவர் என்றால் அந்த நாட்களில் சம்பளம் உண்டா, பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டுமானால் எத்தனை வருடம், திரும்பியதும் மருத்துவச்சிப் பிரிவு உள்ள மருத்துவமனையில் போஸ்டிங்கா அல்லது பழைய பி.எச்.சி.க்கேவா, வார்டு ரொட்டேஷனில் ஆர்த்தோவுக்கும் ஐ.சி.யூ.வுக்கும் தூக்கிப் போட மாட்டார்கள் என்பதற்கு உத்தரவு உண்டா. இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் பயிற்சி பெற்ற நர்சை வேறு வார்டுக்கு மாற்றுவது நம் நிர்வாகத்துக்கு ஒரு கையெழுத்து வேலை.

பதில்கள் ஓரளவுக்குச் சரியாக வந்தால் போய்விடுங்கள், வயதும் வீட்டுச் சூழ்நிலையும் இடம் கொடுத்தால் தயங்க வேண்டாம். ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தால் வீட்டுக்குப் பக்கம் என்று பார்க்காமல் பிரசவ எண்ணிக்கை அதிகமான, உங்களைக் கையில் வேலை செய்ய விடுகிற ஓ.ஜி. யூனிட் உள்ள இடமாகப் பாருங்கள், ஏற்கெனவே படித்து முடித்தவர்களிடம் எந்த இடம் அப்படி என்று விசாரியுங்கள். பதில்கள் மழுப்பலாக வந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். அந்த விரிப்புக்கு இன்டென்ட் போடும் வேலையை மட்டும் நாளைக்கே முடித்துவிடுங்கள்.